ஓடக்காரனுக்கு ஒரு குதிரைக் காசு

பதுளை வரைக்கும் ரயில் வந்ததிலிருந்து எனக்கு ஒரு தொல்லை கூடியிருக்கிறது. முன்பெல்லாம் திருநாளுக்கு ஒருமுறை, பெருநாளுக்கு ஒருமுறை என்று எட்டிப் பார்த்த பங்களா வேலைக்காரப் பிள்ளைகள் இப்போது ஞாயிறு தோறும் அப்புத்தளையிலிருந்தும் எல்ல ஊரிலிருந்தும் ரயிலேறி வந்து, என் வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டு, தொழில் ரகசியம் கேட்கிறார்கள். பங்களாவில் அடுப்பையும் மேசையையும் ஆளுகிற தலைமை வேலைக்காரனுக்கு எங்கள் மலையில் அப்பு என்று பெயர். நான் அந்த வேலையிலேயே தலை நரைத்து, பல் விழுந்து, இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறவன்.

போன வாரம் வந்தவன் லுணுகலைப் பக்கத்துப் பங்களா ஒன்றில் புதிதாக அப்பு ஆனவன். கையில் ஒரு தகர டப்பாவோடு வந்தான். சீமையிலிருந்து வந்த பசையாம்.

“சவரிமுத்தண்ணே, இதத் தொட்டு ஒரு தேய்ப்புத் தேச்சா எந்த வெள்ளியும் கண்ணாடி மாதிரி ஆயிருது. நீங்கள்லாம் சாம்பலையும் புளியையும் வச்சுக்கிட்டு எப்படித்தான் மாரடிச்சீங்களோ!” என்றான்.

மாரடித்தது இருக்கட்டும். “எந்த வெள்ளியும்” என்று அவன் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. தேய்க்கக் கூடாத வெள்ளியும் உலகத்தில் உண்டு தம்பி என்று ஆரம்பித்தேன். கதை முடிவதற்குள் அவன் போக வேண்டிய கோச்சு வண்டி போய்விட்டது. எழுதி வைத்துவிட்டால் அடுத்து வருகிறவர்களாவது நேரத்தோடு வீடு போய்ச் சேருவார்களே என்று இதை எழுதுகிறேன்.

நான் தொழில் கற்ற கதையில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. மலையில் கோப்பிப் பயிர் செத்துத் தேயிலை தலையெடுத்த காலத்தில், பண்டாரவளையில் ஒரு பங்களாவின் அடுப்படியில் கோழிக்கு மயிர் பிடுங்க உட்கார்ந்தேன். சூப்புக்கு எந்தக் கரண்டி, மீனுக்கு எந்தக் கத்தி, துரைசாணி முகம் கோணினால் எந்தப் பக்கம் ஒதுங்குவது எல்லாம் குட்டு வாங்கிப் படித்தேன். குட்டு எல்லா மண்டையிலும் ஒன்றுதான், அதைச் சொல்லி யாருக்கும் பயனில்லை. தொழிலில் எனக்குக் கண் திறந்தது அப்புத்தளைக்கு மேலே இருந்த தோட்டத்துப் பெரிய துரையிடம் சேர்ந்த பிறகுதான்.

அவரைத் தோட்டத்துச் சனங்கள் செதில் துரை என்பார்கள். மற்றத் துரைமார் சுவரெல்லாம் மான்கொம்பும் சிறுத்தைத் தோலுமாக மாட்டியிருக்க, இவர் ஓர் அலமாரி நிறைய மீன் செதில் மாதிரி காசு வைத்திருந்தார். கிரேக்க தேசத்துக் காசுகள். இயேசு பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முந்தியவை என்று அவர் சொன்னபோது நான் சிலுவை போட்டுக்கொண்டேன். நாங்கள் வேதக்காரர்கள். எங்களுக்கு அதற்கு முந்தி இருந்ததெல்லாம் பிரளயமும் பாம்பும்தான்.

அலமாரியில் வெள்ளி இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், சேர்ந்த புதிதில், வேலைக்குச் சேர்ந்தவன் செய்ய வேண்டியதைத்தான் செய்தேன். சலித்த சாம்பலைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். துரை கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னலைத் திறந்து, வெளியே திண்டில் வைத்துவிட்டு, ஜன்னலை மூடினார்.

“அப்பு, கறுப்பு அழுக்கு இல்லை. கறுப்பு இதுக்குச் சட்டை. சட்டையைக் கழட்டாதே” என்றார்.

துரைக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. மெதுவாகப் பேசுகிறாரே, நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, ரொம்ப மெதுவாகப் பேசினால் ரொம்பக் கோபம்.

அப்புத்தளை மூடுபனி கண்ணாடிக்குள்ளேயும் புகுந்துவிடும். அலமாரி இழுப்பறைகளில் பச்சைக் கம்பளித் துணி விரித்து, காசுக்கு ஒரு வட்டக் குழி வெட்டியிருந்தது. மழைக் காலம் முடிந்தால் அந்தத் துணியில் பூஞ்சை பூக்கும். ஆகவே கச்சான் காற்று வீசி மலை காய்ந்து கிடக்கும் நாட்களில் காசுகளை எடுத்து உலர வைப்பது என் வேலை. அதற்கு அவர் வைத்திருந்த சட்டத்தைப் பூசைச் சட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அன்று காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைக்காமல் அடுப்புச் சூட்டில் காய வைக்க வேண்டும். மேசைமேல் தடித்த கம்பளி. அதன்மேல் வெள்ளைத் துணி. காசைத் தூக்கும்போது அதன் முகத்தைத் தொடாமல், விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். காசின்மேல் குனிந்து பேசக் கூடாது, எச்சில் தெறிக்கும். தும்மல் வந்தால் காசை வைத்துவிட்டு வெளியே ஓட வேண்டும். ஒருமுறை தும்மல் வராமலே நான் ஓடியிருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

காசு எவ்வளவு பெரிது என்கிறீர்கள்? நம் பெண்கள் போடுகிற மூக்குத்தியின் முகப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சிலது அதைவிடக் கொஞ்சம் பெரிது, சிலது சின்னது. வட்டமும் சரியாக இராது, விளிம்பு பிளந்திருக்கும். அந்தத் துணுக்கில் ஓர் ஆந்தை கண்ணை உருட்டிக்கொண்டிருக்கும். ஒன்றில் ஆமை. ஒன்றில் தேனீ. ஒன்றில் நண்டு, ஒன்றில் கதிர். துரை பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். முதன்முறை அந்த ஆந்தை கண்ணாடிக்குள் விரிந்து என்னைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை சின்ன இடத்தில் இத்தனை பெரிய பறவையை எந்தக் கை வெட்டியிருக்கும் என்று அன்று முழுவதும் அதே நினைப்பு. மத்தியான சூப்பில் உப்புப் போட மறந்தேன்.

ஏன் தொரை இத்தனை படம், ஒரு ராசாவுக்கு ஒரு படம் போதாதா என்று கேட்டேன்.

“ஒரு ராசா இல்லை. ஊருக்கு ஊர் தனி ஆட்சி. ஊருக்கு ஊர் தனிக் காசு. பக்கத்து ஊர்க்காரனைக் கண்டால் ஆகாது” என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. தேயிலைப் பெட்டிக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் தனி முத்திரை குத்துகிற மாதிரி, எல்ல ஊர்க்காரன் ஒரு காசும் அப்புத்தளைக்காரன் ஒரு காசும் அடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதைச் சொன்னதும் துரை சிரித்துவிட்டார். அந்தத் தேசத்துச் சனங்கள் உடுப்பில் பையில்லாமல் இந்தச் சின்னக் காசுகளைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு சந்தைக்குப் போவார்களாம். பேச்சு வந்தால் காசைத் துப்பிவிட்டுப் பேசுவார்களோ என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். அங்கே ஒருவர் செத்தால் வாயில் இப்படி ஒரு காசு வைத்துப் புதைப்பார்களாம். பூமிக்கு அடியில் ஓர் ஆறு இருக்கிறது, அந்த ஆற்றில் ஓர் ஓடக்காரன் இருக்கிறான், காசு கொடுத்தால்தான் அக்கரைக்குக் கொண்டுபோவான். காசில்லாதவர்கள் கரையிலேயே அலைந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

“பொல்லாத ஓடக்காரனா இருக்கானே தொரை!” என்றேன்.

“அவன் வேலை அது” என்றார் துரை.

இந்தக் காசுகளில் ஆசை வைத்த இன்னொருவர் குதிரைக்காரர் மாயாண்டி. அந்தக் காலத்தில் துரைமாருக்கு மோட்டார் ஏது? குதிரைதான். துரை குதிரையில் போவார், குதிரைக்காரர் பின்னால் ஓடுவார். ஏற்றத்தில் குதிரை வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். அப்படி ஓடியே மாயாண்டியின் கால்கள் முறுக்கிய கயிறாகியிருந்தன. காசு உலர வைக்கிற நாளில் ஜன்னலோரம் வந்து நிற்பார். துரை ஒரு நாள் அவரை உள்ளே கூப்பிட்டு, குதிரை பொறித்த காசைக் கண்ணாடியில் காட்டினார். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற சின்னக் குதிரை.

மாயாண்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதுக்கு லாடம் கட்டலீங்களே தொரை?” என்றார்.

“அந்தக் காலத்தில் லாடமே கிடையாது மாயாண்டி.”

“அப்ப குதிரைக்காரனுக்கும் செருப்பு கெடையாதுன்னு சொல்லுங்க.”

துரை விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து காசு எடுக்கும் நாளெல்லாம், “நம்ம குதிரை சொகமா இருக்கா?” என்று மாயாண்டி விசாரிக்காமல் போனதில்லை.

அந்த மாயாண்டி ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். தோட்டத்துச் சனங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். துரை நடந்தே லயத்துக்கு வந்தார். நான் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். உற்றார் ஒவ்வொருவராக முறத்திலிருந்து அரிசியை எடுத்து மாயாண்டியின் வாயில் போட்டார்கள். வாய்க்கரிசி முடிகிற நேரத்தில் துரை மாயாண்டியின் மனைவி செவந்தியைப் பார்த்து, “நான் போடலாமா?” என்றார்.

சனங்கள் தப்பை நிறுத்திவிட்டார்கள். துரை வாய்க்கரிசி போட்டு அந்த மலையில் யார் பார்த்தது? செவந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போடுங்க தொரை. ஒங்க குதிரை பின்னாலேயே ஓடுன மனுசன்” என்றார்.

துரை தொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டு, முறத்தில் கையை விட்டு அரிசி அள்ளினார்.  போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார். மறுநாள் கூப்பிட்டு, செவந்திக்குப் பங்களாவில் கூட்டுகிற வேலை கொடுக்கச் சொன்னார்.

கொஞ்ச காலத்தில் துரையும் விழுந்தார். காலையில் பூட்ஸ் போடக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். வலப்பக்கம் முழுவதும் வாதம், பேச்சு அடியோடு போயிற்று. பதுளையிலிருந்து வந்த டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். கொழும்பிலிருந்து அவருடைய அக்காள் மகன் வந்தார். நாங்கள் அவரை மருமகன் துரை என்போம். கெட்டவர் இல்லை. ஆனால் தமிழும் தெரியாது, மலையும் தெரியாது, மாமாவை எப்படியாவது கப்பலேற்றிச் சீமைக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்ற ஒரே பதற்றம். காசுகளைத் தம் ஊர்க் காட்சிசாலைக்குக் கொடுப்பதாகத் துரை ஏற்கனவே வாக்குக் கொடுத்திருந்தாராம். அவற்றைக் கட்டுவதற்காக மருமகன் துரை இழுப்பறைகளைத் திறந்தார். ஒரு குழி காலியாக இருந்தது. குதிரைக் காசின் குழி.

அலமாரிக்குப் பூட்டே கிடையாது. அந்த அறைக்குள் போகிறவர்கள் நானும் செவந்தியும்தான். என்னை அவர் சந்தேகப்படவில்லை. திருடுகிற அப்புவாக இருந்தால் இத்தனை வருஷத்தில் ஒன்றோடா நிறுத்தியிருப்பான் என்று கணக்குப் போட்டிருப்பார். செவந்தி புதிதாக வந்தவர். செத்துப்போன புருஷனுக்கு அந்தக் காசின்மேல் ஆசை என்பதையும் தோட்டத்து வாய்கள் மருமகன் துரையின் காதில் போட்டுவிட்டன. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று.

சனிக்கிழமைக்குள் காசு வரவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்குச் சீட்டுக் கிழித்துத் தோட்டத்தை விட்டு அனுப்பு என்று மருமகன் துரை கணக்கப்பிள்ளைக்கு உத்தரவு போட்டார். திருட்டுப் பட்டத்தோடு சீட்டுக் கிழித்தவர்களை வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது. நாதியில்லாத அந்தப் பெண் எங்கே போய் நிற்பார்?

இதெல்லாம் துரையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினார்கள். துரைக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் இடக்கையைத் தூக்கித் தம் உதட்டைத் தொட்டார். நான் ஓடிப்போய்த் தேநீர் கொண்டுவந்தேன். தள்ளிவிட்டார். திரும்பவும் உதட்டைத் தொட்டார். சூப்புக் கொண்டுவந்தேன். தள்ளிவிட்டார். பார்லித் தண்ணீர், கஞ்சி, ஆரஞ்சுச் சாறு, பிராந்தி. அடுத்த நாளும் இதே கூத்துதான். அவர் உதட்டைத் தொடுவார், நான் ஒரு கோப்பையோடு வருவேன், அவர் கண்ணை மூடிக்கொள்வார். அப்பு என்றால் அப்புதான். உதட்டைத் தொட்டால் அவனுக்குக் கோப்பை தவிர வேறு என்ன தெரியும்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் செவந்தி அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இருந்தது குரல்.

“அண்ணே, நீங்க தொரைகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. எம் புருசனுக்கு வாய்க்கரிசி போட்ட கை அது. அந்தக் கை என்னையத் தொரத்துமா?”

என் கையிலிருந்த கோப்பை நழுவி உடைந்தது. நல்ல சீமைக் கோப்பை. அதை அன்றைக்கு நான் கவனிக்கக்கூட இல்லை.

ஒரு தட்டில் பச்சரிசியை எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குப் போனேன். மருமகன் துரை ஜன்னலோரம் நின்றிருந்தார். தட்டைத் துரையின் பக்கத்தில் வைத்தேன். துரை அரிசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடக்கையால் ஒரு பிடி அள்ளி, தம் வாய்வரை கொண்டுபோய், அங்கேயே நிறுத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.

“அரிசியோட குதிரைக் காசையும் போட்டுட்டீங்களா தொரை? மாயாண்டி ஓடத்துக்கா?” என்றேன்.

கண்ணை மூடி, தலையை அசைத்தார். அரிசியெல்லாம் மெத்தையில் கொட்டியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவன் நான். அத்தனை சின்னக் காசு, அரிசியோடு அரிசியாகப் போய்விட்டது.

எனக்குத் தெரிந்த சமையலறை இங்கிலீஷில் எல்லாவற்றையும் மருமகன் துரைக்குச் சொன்னேன். அவர் முகம் இளகியது, பிறகு இறுகியது. நோயாளி எதற்கும் தலையாட்டுவார், அந்தப் பெண்ணுக்கு இரங்கி நீ கட்டின கதையாகக்கூட இருக்கலாம் என்றார். காசு மாயாண்டியின் குழிக்குள் இருந்தால் நம்புகிறேன், தோண்டச் சொல் என்றார்.

இதைப் போய்ச் செவந்தியிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் எழுந்து நேராக மருமகன் துரையின் முன்னால் போய் நின்றார்.

“நான்தான் திருடினேன்னு எழுதிக்கோங்க தொரை. நாளைக்கே தோட்டத்த விட்டுப் போயிர்றேன். அந்த மனுசன எழுப்பாதீங்க. இப்பத்தான் கால நீட்டிப் படுத்துருக்காரு.”

மருமகன் துரை என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் உத்தரவு உத்தரவுதான். குழி வெட்டுகிற கருப்பனுக்கு ஆள் போயிற்று.

கருப்பன் நாளெல்லாம் மலையில் கான் வெட்டுகிறவர். மழைத்தண்ணீர் ஓடுகிற கான்களை நூல் பிடித்த மாதிரி வெட்டுவார். தோட்டத்தில் யாராவது செத்தால் குழி வெட்டுவதும் அவர்தான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், சங்கதியைக் கேட்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“அப்புண்ணே, குழியில காசு ஏது? வாயில போட்ட அரிசி மண்ணுக்கு. காசு குழி வெட்டுனவனுக்கு. இது ஊர் ஒலகத்துல உள்ளதுதானே?”

 உண்மைதானே! வாய்க்கரிசியோடு விழுகிற காசையெல்லாம், குழியில் இறக்குவதற்கு முன்னால், வெட்டியான் எடுத்துக்கொள்வார். அது அவர் கூலி. நான் வேதக்காரன் என்றாலும் எத்தனை சாவு பார்த்திருக்கிறேன்! துரைக்குத் தெரிந்தது கிரேக்க தேசத்து வழக்கம். அங்கே காசு பிணத்தோடு போகும். இங்கே வெட்டியானோடு போகும். அது தெரியாமல் அந்த மனிதர் தம் அலமாரியின் செல்லக் காசை எடுத்து மாயாண்டிக்கு ஓடக்கூலி கட்டியிருக்கிறார்.

“அந்தச் செதில் காசு இப்ப எங்க கருப்பா?”

“சாமான் கட வச்சிருக்கிற முஸ்லிம் நானாகிட்டக் கொண்டுபோய்க் குடுத்தேன். ‘இது காசில்ல, மீன் செதிலு, கொண்டுபோய்க் கொழம்புல போடு’ன்னு சிரிச்சாரு. அதுக்காகத் தூக்கி எறிய முடியுமா? செத்தவன் வாய்க் காசு. சாமிக்குக் குடுத்துட்டேன்.”

இடுகாட்டு ஓரத்தில், காட்டு மரத்தடியில், ஒரு முனியாண்டி கல் உண்டு. எல்லோரும் அங்கே போனோம். மருமகன் துரையும் வந்தார். எண்ணெயும் கரியும் ஏறிய அந்தக் கல்லில், கண் இருக்க வேண்டிய இடத்தில், மெழுகு வைத்துக் குதிரைக் காசை ஒட்டியிருந்தது. நேர்த்திக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாமிக்குச் சாத்துவார்கள் அல்லவா? கருப்பனிடம் இருந்தது ஒரே காசு. ஆகவே முனியாண்டி ஒற்றைக் கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் துரை குனிந்து பார்த்தார். அந்தக் கண்ணுக்குள் குதிரை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

“எடுத்துக் குடு கருப்பா” என்றேன்.

“சாமி கண்ணப் பிடுங்கவா? நான் புள்ளகுட்டிக்காரன். நீங்க எடுங்க, நீங்கதான் வேதக்காரராச்சே.”

நானும் எடுப்பதாக இல்லை. வேதக்காரன்தான், ஆனாலும் அந்தக் காட்டு வழியாகத்தானே நான் போக வேண்டும். சாமி கண்ணை எடுக்க யாருக்கும் துணிவில்லை என்று மருமகன் துரைக்குச் சொன்னேன். அவர் கல்லையும் கருப்பனையும் செவந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, மலைக்கு வந்ததிலிருந்து முதன்முறையாக, சிரித்தார். சாமிக்கு என்ன வேண்டுமாம், கேள் என்றார்.

சாமிக்கு இரண்டு கண் வேண்டும் என்றார் கருப்பன்.

பதுளை ஆசாரியிடம் ஆள் போய், ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலர் வாங்கி வந்தது. மருமகன் துரையின் செலவு. தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, கருப்பனே மெழுகை நெகிழ்த்திக் குதிரையை எடுத்து என் கையில் வைத்தார். நான் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்தேன். முனியாண்டி இரண்டு கண்ணோடு பார்த்தார். செவந்தி கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த நாட்களில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதார். மருமகன் துரை தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் ஏதோ சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காமலே செவந்திக்குப் புரிந்தது. அந்தச் சனிக்கிழமை யாருக்கும் சீட்டுக் கிழியவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் திருட்டு வழக்குக் கதை. காசைத் துரையிடம் கொண்டுபோய்க் காட்டினோம். சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவர் அதைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. எனக்குச் சட்டென்று விளங்கியது. காசு இங்கே இருக்கிறதென்றால் மாயாண்டி அக்கரை சேரவில்லை. கரையிலேயே நிற்கிறார். துரையின் கண்ணில் அதுதான் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற செவந்திக்கு அந்த ஆற்றையும் ஓடக்காரனையும் பற்றிச் சொன்னேன். செவந்தி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கட்டிலுக்கு அருகே போய்க் குனிந்தார்.

“எங்க ஆளுக்கு ஓடம் எதுக்குங்க தொரை? அப்புத்தளை ஏத்தத்துலயே குதிரை வாலப் பிடிச்சுக்கிட்டு ஓடுனவரு. ஆத்துல எறங்கி நடந்தே போயிருப்பாரு. இந்நேரம் அக்கரையில ஒங்க குதிரைக்குப் புல்லு வெட்டிக்கிட்டு இருப்பாரு.”

துரையின் பாதி முகம்தான் சிரித்தது. மற்றப் பாதி சிரிக்க மறுத்துவிட்டது. ஆனால் அந்தப் பாதிச் சிரிப்பு போதுமாக இருந்தது.

மருமகன் துரை காசை அதன் குழியில் வைக்கப் போனார். துரையின் இடக்கை நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தது. பிறகு விரலைக் கொண்டுபோய்த் தம் உதட்டைத் தொட்டார். இந்த முறை நான் தேநீருக்கு ஓடவில்லை. காசு தம் வாய்க்கு வேண்டும் என்கிறார் என்று மருமகன் துரையிடம் சொன்னேன். அவர் காலிக் குழியைப் பார்த்தார். காசை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டுப் போனார்.

கப்பல் வரும்வரை துரை காத்திருக்கவில்லை. கச்சான் காற்று தொடங்கி, காசுகளை உலர வைக்கிற நாட்களில் போய்விட்டார். தோட்டத்து மேட்டிலேயே அடக்கம் செய்வது என்று முடிவாயிற்று. நான்தான் அவரைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிட்டேன். பெட்டியில் வைத்த பிறகு, செவந்தி ஒரு முறத்தில் பச்சரிசியோடு பங்களா வாசலில் வந்து நின்றார். பாதிரியார் என்ன சொல்வாரோ என்று நான் மருமகன் துரையைப் பார்த்தேன். மருமகன் துரை பாதிரியாரைத் தோட்டம் காட்ட வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

செவந்தி அரிசி போட்டார். நான் கையைக் கழுவி, துடைக்காமல் அடுப்புச் சூட்டில் காய வைத்துக்கொண்டு வந்தேன். குதிரைக் காசின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, துரையின் வாயில் வைத்தேன். கறுப்புச் சட்டையோடேயே வைத்தேன். அலமாரி சீமைக்குப் போனபோது ஒரு குழி காலியாகத்தான் போனது. அந்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து என்ன நினைத்தார்களோ, இன்றைக்கும் எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசை.

குழி வெட்டிவிட்டு, கைகால் கழுவி, கருப்பன் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். பெட்டி மூடியை ஆணி அடிக்கிறதற்கு முன்னால் நான் அவரைக் கூப்பிட்டேன். வழக்கம் என்றால் வழக்கம்தானே.

“கருப்பா, வாயில காசு இருக்கு. முறைப்படி ஒனக்குச் சேர வேண்டியது. என்ன சொல்ற?”

கருப்பன் எட்டிப் பார்த்தார். 

“மூடுங்கண்ணே. போன தடவ அந்த ஓடக்காரன் கூலிய நான் எடுத்துக்கிட்டேன். அவனும் நம்மள மாதிரி கூலிக்காரன்தானே, பாவம்” என்றார்.